மேற்குப் பார்த்த மனை: பில்லரா, மண்கல்லா, ஓடா, செங்கலா?

ஆலங்குடிப் பக்கம் அக்காவுக்குப் பதினைந்து சென்ட் மனை இருக்கிறது. அத்தான் ஓய்வுபெற்றாயிற்று. சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரோடு போய்விடுவதென்று முடிவெடுத்து, ஆயிரம் சதுர அடிக்குள் ஒரு தரைவீடு கட்ட மூன்று பேரிடம் ரேட் கேட்டிருந்தார்கள். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன: ஒன்பது பில்லர், ஹாலோ பிளாக் சுவர், மட்டக் கூரை, சதுர அடிக்கு இவ்வளவு. அதில் ஒருவர் மனையைப் பார்க்காமலேயே போனில் ரேட் சொன்னவர்.

"தம்பி, நீ இருபது வருசமா இந்த வேலையிலதானே இருக்கே, வேற வழியே இல்லையா?" என்றாள் அக்கா.

இருக்கிறது. ஆனால் எது சரி என்பதை மனைதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, போன சித்திரையில் ஒரு நாள் காலையிலிருந்து இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்று பார்த்ததை வைத்து நான்கு வழிகளை எடைபோட்டு எழுதிக் கொடுத்தேன். செம்மண் பூமியில் ஊரோடு வீடு கட்ட நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை விரித்து எழுதுகிறேன்.

தெரு மேற்கில் இருக்கிறது. அதனால் வாசலும் மேற்கு. மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், காற்றும் சூடேறிக் கிடக்கும் நேரம் அது. இந்த வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் உண்மையிலேயே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்துவிடும். 'வடக்குச் சுவருக்கு வெயிலே படாது' என்பது டெல்லிக்காரர்கள் எழுதிய பாடம், ஆனி மாதத்தில் இங்கே வந்து பார்த்தால் தெரியும். ஆக இந்த ஊரில் வீட்டை வேகவைப்பது முதலில் கூரை, அடுத்தது மேற்குச் சுவர். மற்றச் சுவர்கள் எதனால் ஆனவை என்பது மூன்றாம் கேள்வி. ஆனால் வீடு கட்டுகிற எல்லோரும் முதலில் கேட்பது அந்த மூன்றாம் கேள்வியைத்தான்.

மண்ணைப் பார்த்தேன். மூன்றரை அடி தோண்டியதும் கடப்பாறை தெறிக்கிற கெட்டிச் செம்மண். கிழக்கே நிலம் கண்மாயை நோக்கிச் சரிகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன். வேலியோரத்து ஒரு கல்லைக் காட்டினார். பேஸ்மென்ட் உயரம் அந்தக் கல்லால் முடிவானது. தென்மேற்கு மூலையில் ஒரு பலாமரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்தத் தோட்டத்திலிருந்த தென்னையெல்லாம் சாய்ந்து, தப்பி நின்றது அது ஒன்றுதான்.

பில்லர் வீடு

இதைக் கேலி செய்கிறவர்கள் நகரத்தில் நிறைய உண்டு. 'தீப்பெட்டி வீடு' என்பார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். கஜா அடித்த இரவில் தகரமும் ஓடும் பறக்க, ஊரில் பாதிப் பேர் ஒதுங்கியது காங்கிரீட் கூரைக்குக் கீழே. அதற்கு முந்தைய தலைமுறைக்கு ஓலைக் கூரையில் தீப்பிடித்த நினைவு இருக்கிறது. மச்சு வீடு என்பது மரியாதை, ஒரு காலத்தில் எல்லோரும் கட்ட முடியாத மரியாதை. அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டமும் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை வேண்டும் என்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் காங்கிரீட் கேட்டால், அவருக்கு ரசனை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தரைவீட்டுக்கு, அதுவும் கெட்டிச் செம்மண்ணில், பில்லரே தேவையில்லை. கரிசல் மண்ணாக இருந்தால் கதை வேறு. அது மழைக்கு உப்பும், கோடையில் வெடிக்கும். சுவர்க் கடைக்கால் தாங்காது. பள்ளத்தில் கொட்டி மேவிய மண், குறுகலான டவுன் மனை, நாளைக்கு இரண்டு மாடி எழுப்பும் எண்ணம் என்று இருந்தாலும் பில்லர் போடத்தான் வேண்டும். இங்கே அந்தக் காரணம் எதுவும் இல்லை. பில்லருக்கும் பீமுக்கும் கம்பி வாங்கிய பிறகு காசு குறைந்துபோய், சுவருக்கு நாலு அங்குல பிளாக், ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேட் என்று கை சுருங்கிவிடுகிறது. எலும்புக்கு எல்லாம் செலவாகித் தோலுக்கு மிச்சமில்லாத வீடு.

அப்புறம் சூடு. ஐந்து அங்குல ஸ்லாப் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கட்டில்மேல் கக்கும். முன்பெல்லாம் ஸ்லாபுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த 'சுருக்கி' என்கிற தளம் போட்டு, அதன்மேல் 'தட்டோடு' என்கிற தட்டையான ஓடு பதிப்பார்கள். இப்போது ரேட்டைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான். கொட்டேஷனில் 'தட்டோடு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மண்கல்

எனக்கே ஆசை வந்தது இதில்தான். மனை மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தேன். அடியில் மணல் பாதிக்கு மேல், மேலே களி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, நடுவில் வண்டல். மண்கல் அடிக்கக் கேட்டு வாங்கினதுபோன்ற மண். சலித்து, சுமார் ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து, லேசாக ஈரப்படுத்தி அச்சு இயந்திரத்தில் அழுத்தினால் கல் ஆகிவிடும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நான்கு வாரம் நனைத்து நிழலில் வைத்தால் போதும். 1989 முதல் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் இதைச் சோதித்துச் சோதித்து ஒரு முறையாகவே ஆக்கி வைத்திருக்கிறது. அங்கேயுள்ள பார்வையாளர் மையம் இந்தக் கல்லில் எழுந்ததுதான். முப்பது வருட மழையைப் பார்த்துவிட்டு நிற்கிறது. மண் தோண்டிய குழியையும் அவர்கள் வீணாக்குவதில்லை, மழைநீர் தங்கும் இடமாக்கிவிடுகிறார்கள். கண்மாய்ப் பாசனம் பார்த்த ஊர்க்காரனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

ஆனாலும் அக்காவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. காரணங்களில் பாதி கணக்கு, பாதி மனசு.

கணக்கு இது: ஒரே ஒரு வீட்டுக்காக இயந்திரத்தையும் அதை ஓட்டத் தெரிந்த ஆட்களையும் வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டும். கல்லுக்குக் கல் ஈரமும் அழுத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று கூடவே நின்று பார்க்க ஆள் வேண்டும். கோடையில் நாலு வாரம் நனைக்கத் தண்ணீர் வேண்டும், ஆழ்துளைக் கிணறு பாதாளத்துக்குப் போய்விட்ட வட்டாரம் இது. முடிந்த பிறகு அந்த ஆட்கள் போய்விடுவார்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு ஜன்னலை மாற்றவோ சுவரில் ஒரு விரிசலைப் பார்க்கவோ ஊர்க் கொத்தனாரைக் கூப்பிட்டால், அவர் தெரிந்த வழியில் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவார். நாலைந்து வீடு சேர்ந்து கட்டினாலோ, ஒரு பள்ளிக்கூடம் கட்டினாலோ இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது நான் மண்கல்லுக்குத்தான் கை தூக்குவேன். ஊர் ஆட்கள் பத்துப் பேர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டும் விடுவார்கள்.

மனசு இது: மண்கல் என்றதும் அக்காவின் முகம் போன போக்கு. நாங்கள் வளர்ந்தது மண்சுவர் வீட்டில். வெள்ளிக்கிழமை தவறாமல் தரை மெழுகியது, மழைக்காலம் முடிந்ததும் கரைந்த சுவருக்கு மண் அப்பியது எல்லாம் அம்மாவும் அக்காவும். நானும் அண்ணனும் அந்தக் குளிர்ந்த தரையில் படுத்துத் தூங்கினோம். மண்வீட்டின் குளுமையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பது என் அனுமானம். மண்கல்லுக்கு மெழுகல் கிடையாது, அது வேறு பொருள் என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள். ஆனால் அறுபது வயதில் ஒருத்தியை, அவள் தப்பித்து வந்த சொல்லுக்குள்ளேயே திரும்பக் குடிவைக்க நான் யார்?

ஓட்டு வீடு, முற்றம், தூண்

இது அத்தானின் ஆசை. காரைக்குடி போய் பழைய மரக்கடைகளைச் சுற்றிவிட்டு, இரண்டு தூண்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். செட்டிநாட்டு வீடுகளின் அறிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தெருவுக்குத் தெரு நீளும் வீடு, கனத்த சுவர், நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவில் முற்றம், சரிந்த ஓட்டிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழையைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு. 2003-இல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்குவதற்கு மிக முன்பே அந்த வீடுகளுக்கு அது வழக்கம். ஆனால் அந்த அளவில், அந்த உயரத்தில்தான் அது வேலை செய்கிறது. ஆயிரம் சதுர அடியில் பத்துக்குப் பத்து முற்றம் வைத்தால் பத்தில் ஒரு பங்கு இடம் போகும், திருட்டுப் பயத்துக்குக் கம்பி போட வேண்டும், கொசுவுக்கு வலை போட வேண்டும். கடைசியில் மேலே பாலிகார்பனேட் ஷீட்டைப் போட்டு மூடுவார்கள். அப்புறம் அது முற்றம் இல்லை, வேகும் பெட்டி. இப்படி மூடின முற்றங்களை நானே நாலைந்து பார்த்துவிட்டேன்.

ஓட்டுக்கு இன்னும் இரண்டு எதிரிகள். ஒன்று குரங்கு. இன்னொன்று வயது. வருடத்துக்கு ஒரு முறை ஓடு மாற்றக் கூரையில் ஏற வேண்டும், எழுபதில் அத்தான் ஏற மாட்டார், ஏறத் தெரிந்த ஆளும் ஊரில் அருகிவிட்டார். தேக்கில் விட்டமும் கைமரமும் போடுகிற காசுக்கு இன்னொரு அறையே கட்டலாம். அந்தத் தூண்களில் இரண்டை வாங்கித் திண்ணையில் நிறுத்துங்கள், தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போடுங்கள், அது பக்கத்து ஊர்ச் சரக்கு, வெறுங்காலுக்கும் சுகம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

செங்கல் சுவர், ஓடு பதித்த ஸ்லாப்

பில்லர் இல்லாமல் சுவரே கூரையைத் தாங்குகிற வீடு. நம் தாத்தா காலத்துக் காரை வீடு எல்லாமே இப்படித்தான். இதில் இரண்டு திருத்தம், இரண்டையும் கேரளத்தில் பரப்பியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-இல் இறந்தவர். மனையில் ஒரு மரமிருந்தால் சுவரை வளைத்துக்கொண்டு போவாரே தவிர மரத்தைத் தொடமாட்டார்.

முதல் திருத்தம் எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடி, சுவருக்குச் சாதாரணமாகச் சுமார் 1,000 செங்கல் பிடிக்கும், இதில் கால்வாசி மிச்சம், கலவையும் குறையும். பொந்தில் அடைபட்ட காற்று வெயிலைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தும். பேஸ்மென்ட் மட்டம், ஜன்னல் அடி, லிண்டல், கூரைக்குக் கீழ்வரி ஆகிய இடங்களில் மட்டும் பொந்தில்லாமல் கட்ட வேண்டும்.

இரண்டாவது, கூரை. ஸ்லாபின் மேல்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. அடிப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பியைக் கவ்விக்கொள்ளத் தேவையானது போக மிச்சக் காங்கிரீட் வெறும் எடை. அந்த இடத்தில், கம்பிக் கட்டங்களுக்கு நடுவே, சீமை ஓடுகளை இரண்டிரண்டாக வாயோடு வாய் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே காங்கிரீட் போட்டால் எடையும் செலவும் குறையும். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குல ஸ்லாப் என்றால் 415 கன அடிக்கு மேல் காங்கிரீட். அதில் ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றுவரை ஓடு எடுத்துக்கொள்ளும். பூசாமல் விட்டால் அண்ணாந்து பார்க்க ஓட்டுவீடு மாதிரியே இருக்கும் என்றதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். புயலுக்குக் காங்கிரீட், கண்ணுக்கு ஓடு. எங்கே ஓடு வரலாம், சுவர் ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும் என்பதைப் பொறியாளர் வரைந்து கொடுக்க வேண்டும். கொத்தனார் கண்மதிப்பில் விட்டால் ஆபத்து.

இந்த முறையைப் புகழ்கிறவர்கள் இரண்டு விஷயங்களைச் சொல்வதில்லை. ஓடு பதித்ததாலேயே வீடு குளிர்ந்துவிடாது. மேலே சுருக்கியும் தட்டோடும் வேண்டும், குறைந்தது வெள்ளையாவது அடிக்க வேண்டும். இன்னொன்று, எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் அளவாக, முனை மழுங்காமல் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் காளவாசல் செங்கலில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அதை வைத்துக் கட்டிவிட்டு, கோணல் தெரியாமலிருக்க இரண்டு பக்கமும் தடியாகப் பூசினால் மிச்சம் பிடித்த காசு பூச்சில் போய்விடும். இரண்டு செங்கலை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு நாள் தண்ணீரில் ஊறிய செங்கல், தன் காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் குடித்திருக்கக் கூடாது. அப்படி நல்ல செங்கல் கிடைக்கவில்லையென்றால் பிடிவாதம் வேண்டாம், வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரே கட்டுங்கள். சுவர் மூன்றாம் கேள்விதான் என்று முன்பே சொன்னேன்.

ஊரில் இரண்டு கொத்தனார்களைப் பார்த்துப் பேசினேன். மூத்தவருக்கு சுமைச்சுவர் கைவந்த வேலை, 'பில்லர் வந்தப்புறம் யாரும் கேக்கல' என்றார். எலிப்பொறிக் கட்டைத் தோட்டத்து மோட்டார் ரூமில் முதலில் கட்டிப் பார்ப்போம் என்று அவரே சொன்னார். நான்கு வழிகளில், நாளைக்கு ரிப்பேர் செய்யப்போகிற ஆள் தானே கற்றுக்கொள்ள முன்வந்தது இதற்கு மட்டும்தான். என் தராசு சாய்ந்தது அங்கேதான்.

கன்னி மூலையும் பலாமரமும்

பொருள் முடிவான பிறகும் பெரிய சண்டை பாக்கியிருந்தது. படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்க வேண்டும் என்பது அத்தானின் வாஸ்து. மேற்கு வெயில் கடைசிவரை அடிக்கும் மூலை அது. அங்கே ஸ்டோர் ரூமையும் குளியலறையையும் தள்ளிவிட்டுக் கிழக்கே கண்மாய்ப் பக்கம் படுங்கள் என்பது என் வாதம். இரண்டு வாரம் இழுத்தது. தீர்த்துவைத்தது பலாமரம். அதன் நிழல் சாயங்காலம் சரியாக அந்த மூலையில்தான் விழுகிறது. மரத்தை வைத்துக்கொண்டு, மேற்கு முழுக்க ஆறடி அகலத் தாழ்வாரம் இழுத்துவிட்டால் அவர் மூலை அவருக்கு. மரம் வெட்டுப்பட்டால் அந்த அறையில் படுக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்து வாங்காத குறை. வேர் கடைக்காலைத் தொடாமலிருக்க வீட்டைக் கிழக்கே தள்ளினோம்.

ஒரு சின்னத் திருத்தமும் நடந்தது. தாழ்வாரம் முழுக்க ஓடு என்று நான் வரைந்திருந்தேன். "பலாப்பழம் விழுந்தா ஓடு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அக்கா. மரத்துக்குக் கீழே வரும் பகுதி ஸ்லாபாக மாறியது.

திண்ணை வேண்டுமா என்பதில் மூவரும் ஒத்துப்போனோம், காரணங்கள்தான் வேறு. அத்தானுக்குப் பேப்பர் படிக்க. அக்காவுக்குப் பூத் தொடுக்க வருகிற பெண்களோடு உட்கார. எனக்கு மேற்குச் சுவரில் வெயில் படாமலிருக்க. பழைய திண்ணைகள் ஊருக்கே பொது என்று எழுதுவது பொய். யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று அவற்றுக்கு ஒரு சட்டம் இருந்தது. இந்தத் திண்ணையின் உயரத்தை ஒன்றரை அடியாக வைத்திருக்கிறேன், தெருவிலிருந்து யாரும் படி ஏறாமல் உட்காரும் உயரம்.

இங்கே சுனாமிக்குப் பிந்திய நாகைக் கரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பல இடங்களில் மரங்களை வெட்டி மண்ணை மட்டமாக்கி, ஒரே அச்சில் மட்டக் கூரை வீடுகளை வரிசையாக நிறுத்தினார்கள். உறுதியான வீடுகள்தான், ஆனால் வலை பின்ன நிழலும் உட்கார இடமும் போய்விட்டன. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டியபோது குடும்பம் குடும்பமாகக் கேட்டுக் கட்டினார்கள். இரண்டு இடத்திலும் காங்கிரீட் இருந்தது. கேட்டார்களா என்பதில்தான் வேறுபாடு.

தை பிறந்ததும் கடைக்காலுக்கு வானம் தோண்டுவதாகப் பேச்சு. அதற்குள் செங்கல் முடிவாக வேண்டும். மூன்று காளவாசலில் பத்துப் பத்துக் கல் எடுத்துவந்து அக்கா வீட்டுத் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறோம், நாளைக் காலையில் தராசு.